பிளஸ் டூ ஆண்டில் மின்னஞ்சலும் படிப்புச் சுமையும்: தங்கைக்காக எழுதத் தொடங்கிய வழிகாட்டி

பிளஸ் டூ படித்த ஆண்டில் எனக்கு வந்த மிக முக்கியமான மின்னஞ்சலை நான் படிக்கவே இல்லை. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். "மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கடையின் முகவரியையே போட்டுவிட்டார்கள். விண்ணப்பத்தில் என் சாதிப் பிரிவு தவறாகப் பதிவாகியிருந்தது. அதைத் திருத்திக்கொள்ளச் சில நாட்கள் அவகாசம் தந்து வந்த அஞ்சல், அந்தக் கடையின் நூற்றுக்கணக்கான அஞ்சல்களுக்கு நடுவில் கிடந்தது. எனக்கு விஷயம் தெரிந்தபோது தேதி முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அதே வாரத்தில் இயற்பியல் ரெக்கார்டு முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு நடக்கிறது, அப்பத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் நானே இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்போது, பாடங்களைவிட, கேட்காமல் விட்ட கேள்விகளும் சொல்லாமல் விட்ட பதில்களும்தான் என்னை அதிகம் அழுத்தியதாகத் தெரிகிறது. சரியான நேரத்தில் எழுதிய ஐந்து வரிக் கடிதம் ஒரு வாரத்துக் கவலையைக் குறைத்துவிடும். இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் என் தங்கைக்காக இதை எழுதத் தொடங்கினேன். நம் காரைக்குடிப் பக்கத்தில் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழுதாக எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் பெயரில் ஒரு முகவரி

பிளஸ் ஒன் சேர்ந்த மாதமே இதைச் செய்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும். ஜிமெயில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு அது தடையாக இருக்காது.

முகவரியில் உங்கள் பெயரும் முதலெழுத்தும் இருந்தால் போதும். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொருவர் எடுத்திருந்தால் ஊரின் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையும் செல்பேசி எண்ணையும் முகவரியில் வைக்காதீர்கள். கடிதம் போகும் இடமெல்லாம் அவையும் போய்ச் சேரும். நடிகர் பெயர், செல்லப் பெயர் எதுவும் வேண்டாம். நாளைக்கு ஒரு பேராசிரியருக்கு இதே முகவரியிலிருந்துதான் எழுதப் போகிறீர்கள்.

ஜிமெயிலில் பெயருக்கு நடுவில் வைக்கும் புள்ளி கணக்கில் சேராது. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் விண்ணப்பங்களில் எப்போதும் ஒரே வடிவத்தையே கொடுங்கள். சில இணையதளங்களில் மீண்டும் உள்ளே நுழையும்போது, பதிவு செய்த வடிவத்தை அப்படியே கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பது தவறில்லை. வீட்டில் கணினியும் பிரிண்டரும் இல்லாத நமக்கு அதுதான் வழி. ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும், செல்பேசி எண் உங்கள் வீட்டினுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். நீட், ஜே.இ.இ. தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமையே மாணவருடைய அல்லது பெற்றோருடைய முகவரியையும் எண்ணையும்தான் கொடுக்கச் சொல்கிறது. "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று கடையில் அன்பாகத்தான் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு விண்ணப்பம் போடும் கடையால் ஐம்பது பேருடைய அஞ்சலையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து வருவதற்கு முன்பு, அந்தக் கணினியில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள். பதிவிறக்கிய கோப்புகளையும் அழித்துவிடுங்கள்.

2. ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது?

நம் பக்கத்தில் இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். அப்பாவோ அண்ணனோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். ஆதாரில் பதிந்திருப்பது அப்பாவின் பழைய எண்ணாக இருக்கும். அந்த சிம் அவருடைய பெட்டிக்குள் கடல் கடந்து போயிருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைத் திறக்கவும் ஆதாரைச் சரிபார்க்கவும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போகும். விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆதாரில் உள்ள செல்பேசி எண்ணை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் மையத்துக்கு நேரில் போய்ச் செய்யலாம். 2025 அக்டோபர் முதல் இதற்குக் கட்டணம் 75 ரூபாய். 15 வயதுக்குப் பிறகு கைரேகையையும் கருவிழியையும் ஒரு முறை கட்டாயமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 17 வயதுக்குள் செய்துகொண்டால் அது இலவசம். காலாண்டு விடுமுறையில் அம்மாவையோ அப்பத்தாவையோ அழைத்துக்கொண்டு போய் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண்ணாக, வீட்டிலேயே இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் அது அம்மாவின் எண்ணாக இருக்கும். ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால், எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடுகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். செல்பேசி கையில் இல்லாதபோது, ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்திக் கணக்கைத் திறக்கலாம். நான் அவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை நோட்டின் பின்னட்டையில் எழுதாதீர்கள். அந்த நோட்டு வகுப்பு முழுவதும் சுற்றி வரும்.

3. ஆவணங்கள் ஒரே கோப்புறையில்

கூகுள் கணக்கோடு 15 ஜி.பி. இடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கோப்புறை தொடங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக ஆகப்போகிறவர் என்றால் அதற்கான சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கையொப்பம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் அதைக் காட்டும் சான்றையும் பள்ளியில் வாங்கி வையுங்கள். தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு அது வேண்டும்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். என்னுடைய வருமானச் சான்றுக்குப் பதினெட்டு நாள் ஆனது. நடுவில் பொங்கல் விடுமுறை வந்ததும் ஒரு காரணம். எனவே மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஆனால் வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், அதை மட்டும் பிளஸ் டூ ஆண்டின் மார்கழி, தை மாதங்களில் எடுப்பது நல்லது. மற்றவற்றைப் பிளஸ் ஒன்னிலேயே முடித்துவிடலாம்.

என்னைக் கவிழ்த்தது சாதிச் சான்றுதான். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்று வேறு. நீட் போன்ற மத்திய அரசுத் தேர்வுகளில் கேட்கும் ஓ.பி.சி. சான்று வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பிரிவைத் தவறாகக் குறித்தால் கட்டணமும் மாறும், பின்னால் இடமும் போகும். 2025 நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 1,000 என்று கட்டணம் இருந்தது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பெயர். நாம் முதலெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பாவின் முழுப்பெயரே இருக்கும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் சரிபார்க்கத் தரும் நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், பிறந்த தேதியையும், புகைப்படத்தையும் பாருங்கள். அங்கே ஒரு நிமிடத்தில் திருத்தக்கூடியதை மதிப்பெண் சான்று வந்த பிறகு திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனிப் பி.டி.எஃப். ஆக எடுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் வையுங்கள். செல்பேசி தானாக வைக்கும் எண்வரிசையில் நாற்பது படங்கள் இருந்தால் அவசரத்தில் தவறானதைத்தான் ஏற்றுவோம். புகைப்படம் 10 கே.பி. முதல் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்பது போல ஒவ்வோர் இணையதளமும் ஓர் அளவு சொல்லும். அதை முதலில் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

4. கடிதத்தை எழுதும் முறை

பள்ளியில் அலுவலகக் கடிதம் எழுதியது நினைவிருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு. மின்னஞ்சலில் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை உள்ளே எழுத வேண்டாம், அவை மேலேயே இருக்கின்றன. 'பொருள்' மட்டும் அங்கே இருந்ததைவிட இங்கே பல மடங்கு முக்கியம். ஒரு நாளைக்கு நூறு அஞ்சல் வரும் ஒருவர் உங்கள் பொருள் வரியைப் பார்த்துத்தான் கடிதத்தைத் திறப்பார்.

நான் பிளஸ் ஒன் படித்தபோது, பள்ளியின் மின்னஞ்சலிலிருந்து, ஓர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிக்கு எழுதினேன். எங்கள் தெருவில் உள்ள பழைய வீடுகளின் வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே போட்டிருக்கும் இரும்புக் கம்பிகள் சில இடங்களில் மட்டும் வேகமாகத் துருப்பிடிப்பது ஏன் என்று அறிவியல் கண்காட்சிக்கு ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தேன். முதல் அஞ்சலில் பொருள் வரி காலி. உள்ளே ஒரே வரி: "மதிப்பிற்குரிய ஐயா, துரு பற்றி எல்லா விவரமும் அனுப்புங்கள்." அதோடு பதினொரு புகைப்படங்கள். பதில் வரவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் யார், என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று எதுவுமே அந்த அஞ்சலில் இல்லை.

வேதியியல் ஆசிரியை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த பிறகு எழுதிய இரண்டாவது கடிதம் இது. பெயர்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

பொருள்: இரும்புக் கம்பி துருப்பிடித்தல் – பள்ளிச் செயல்திட்டத்துக்கு இரண்டு ஐயங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் (பள்ளியின் பெயர், ஊர்) பிளஸ் ஒன் அறிவியல் பிரிவில் படிக்கிறேன். எங்கள் தெருவில் உள்ள ஆறு பழைய வீடுகளின் வளவுக் கம்பிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். மழைநீர் தேங்கும் மூலைகளில் துரு அதிகமாக இருக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. சுண்ணாம்புச் சாந்தில் பதிந்திருக்கும் பகுதியில் துரு குறைவாக இருப்பது ஏன்? இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஆணிகளை வைத்துச் சோதிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

கண்காட்சி (தேதி) அன்று நடக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்பாகத் தங்கள் பதில் கிடைத்தால் சோதனையைச் செய்து பார்க்க முடியும். என் குறிப்புகளை ஒரு பக்கமாக இணைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
(பெயர், வகுப்பு, பள்ளி)

நான்காம் நாள் பதில் வந்தது. மூன்று வரிதான், ஆனால் என் சோதனைக்கு அது போதும். சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை நிலைக்கவைக்கிறது என்று எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்தின் வரிசையைக் கவனியுங்கள். நான் யார், நானே ஏற்கெனவே என்ன செய்தேன், எனக்கு வேண்டியது என்ன, எப்போதைக்கு. இந்த நான்கும் இருந்தால் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கடிதம் நிற்கும். மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், தயக்கமே வேண்டாம். மத்திய அரசு நிறுவனங்களுக்கும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆங்கிலம் தேவைப்படும். அப்போது இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை நகலெடுக்காதீர்கள். முதலில் தமிழில் எழுதி, சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் மாற்றி, ஆங்கில ஆசிரியரிடம் ஒரு முறை காட்டுங்கள். என் முதல் மூன்று கடிதங்களை எங்கள் ஆசிரியை திருத்தினார். நான்காவதில் அவருக்கு வேலை இல்லை.

காரைக்குடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும், சிக்ரி என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் பஸ்ஸில் போய் வரும் தொலைவில் உள்ளன. நூலகத்தைப் பார்க்கவோ ஒரு துறையை அறியவோ விரும்பினால், அவற்றின் இணையதளத்தில் அந்தத் துறைக்கான முகவரியைக் கண்டுபிடித்து, பள்ளித் தலைமையாசிரியருக்கு நகல் வைத்து எழுதுங்கள். நகல் இருந்தால், பள்ளிக்குத் தெரிந்துதான் இந்தப் பிள்ளை எழுதுகிறது என்று அவர்கள் அறிவார்கள்.

5. அனுப்பும் முன்னும் பின்னும்

ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பு போகாது. தாண்டினால் டிரைவ் சுட்டியாக மாறிவிடும். அந்தச் சுட்டியைத் திறக்கப் பெறுபவருக்கு நீங்கள் அனுமதி தராவிட்டால் அவரால் பார்க்க முடியாது. எனவே கோப்பைச் சிறியதாக்குங்கள்.

பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். பாதி எழுதிய கடிதம் கைதவறிப் போய்விடுவதை இது தடுக்கும். அமைப்புகளில் 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' என்ற வசதியை 30 விநாடிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை மறந்துவிட்டோம் என்பது எனக்குப் பெரும்பாலும் அனுப்பிய பத்தாவது விநாடியில்தான் நினைவுக்கு வருகிறது.

இரவு ஒரு மணிக்கு எழுதி முடித்தால் அப்போதே அனுப்ப வேண்டாம். நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி வைத்துவிட்டுத் தூங்குங்கள். களைப்பில் எழுதிய கடிதத்தில் குரல் மாறிவிடும். காலையில் ஒரு முறை படித்துத் திருத்தவும் வாய்ப்புக் கிடைக்கும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். பிறகு புதிய கடிதம் எழுதாமல், பழைய கடிதத்துக்கே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள்: "சென்ற வாரம் எழுதிய கடிதத்தை நினைவூட்டுகிறேன். தங்களுக்கு நேரம் இருக்கும்போது பதில் தந்தால் உதவியாக இருக்கும்." அதற்கும் வராவிட்டால் தொலைபேசியிலோ நேரிலோ கேளுங்கள். மூன்றாவது நினைவூட்டல் வேண்டாம். பதில் வந்தால் அன்றே நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். நம் ஊரில் தண்ணீர் கொடுத்தவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே வருவோம்.

ஸ்பேம் பெட்டியை வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே விழுந்த அஞ்சல் 30 நாளில் தானாக அழிந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பார்ப்பேன். அதில், "உதவித்தொகை கிடைத்திருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்றோ "ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்றோ வருபவை எல்லாம் மோசடி. உதவித்தொகை தருபவர் முதலில் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

பள்ளி ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதலாமா என்று தங்கை கேட்டாள். நம் பள்ளிகளில் நேரில் சொல்வதே முறை. அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் இன்னும் நல்லது. டியூஷன் மையம், இணையவழிப் பயிற்சி, பல்கலைக்கழகம், உதவித்தொகை அலுவலகம் ஆகியவற்றுக்கு மின்னஞ்சல்தான் சரி. கேட்டதற்கும் சொன்னதற்கும் எழுத்தில் ஆதாரம் இருக்கும்.

6. சுமையைத் தாளில் இறக்குங்கள்

காலையில் சிறப்பு வகுப்பு, பள்ளி, மாலையில் சிறப்பு வகுப்பு, டியூஷன், பிறகு வீட்டுப்பாடம். ஊர்ப்புறத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு இதோடு போக்குவரத்து நேரமும் சேரும். எனக்கு ஒரு நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம் பஸ்ஸிலும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதிலும் போனது. எங்கே நேரம் போகிறது என்று தெரியாமலேயே, 'நான் போதுமான அளவு உழைக்கவில்லை' என்று அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மாலை, ஏழு நாள் கட்டம் போட்டு, மாற்ற முடியாதவற்றை முதலில் நிரப்புங்கள்: பள்ளி, பஸ், சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை. தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் கூட்டி வருவதும் உங்கள் பொறுப்பு என்றால் அதையும் எழுதுங்கள். மிச்சம் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். எனக்குப் பள்ளி நாளில் இரண்டே கால் மணி நேரம்தான் மிஞ்சியது. அதில் ஆறு பாடம் படிக்க நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்! ஒரு நாளைக்கு இரண்டு பாடம் என்று குறைத்த பிறகுதான் திட்டம் நடந்தது.

பிறகு, வரும் நான்கு வாரத்தில் முடிக்க வேண்டியவற்றைத் தேதியோடு தனியாக எழுதுங்கள். தேர்வு, ரெக்கார்டு, விண்ணப்பக் கடைசி நாள், கல்யாணம், திருவிழா எல்லாம் அதில் வரட்டும். ஒரே வாரத்தில் மூன்று விழுந்தால் அது அன்றே தெரிந்துவிடும். அப்போதே போய்க் கேட்டால் ஆசிரியர் நாள் தருவார். கடைசி நாள் காலையில் கேட்டால் சாக்கு என்று நினைப்பார். நான் டியூஷன் மையத்துக்கு எழுதியது இது:

பொருள்: இரண்டாவது மாதிரித் தேர்வை வேறு நாளில் எழுத அனுமதி வேண்டி

வணக்கம் ஐயா. வரும் வாரம் பள்ளியில் திருப்புதல் தேர்வு வியாழன் வரை நடக்கிறது. அந்த வியாழன் மாலையே மையத்தில் மாதிரித் தேர்வும் வருகிறது. அதை அடுத்த திங்கள் மாலை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். அதற்குள் விடைகளைப் பார்க்க மாட்டேன். தங்கள் பதிலைச் சனிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன்.

ஒரே வரியில் சரி என்று பதில் வந்தது. அதற்கு முந்திய இரண்டு மாதமும் கேட்கப் பயந்து, இரண்டு தேர்வையும் அரைகுறையாக எழுதியிருக்கிறேன்.

7. எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தூக்கத்தைக் குறைக்காதீர்கள். ரெக்கார்டையும் ஒப்படைவுகளையும் தள்ளிப்போடாதீர்கள். செய்முறை உள்ள பாடங்களில் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அதாவது மார்ச் மாதக் கேள்வித்தாளைப் பார்ப்பதற்கு முன்பே 30 மதிப்பெண் முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு செய்முறை வகுப்பும் முடிந்த வாரமே ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியவர்களுக்கு ஜனவரியில் இரவு விழிப்பு இல்லை.

குறைக்க வேண்டியது ஒரே பாடத்துக்கு இரண்டு டியூஷன், மூன்று கைடு, செல்பேசியில் பத்துப் பாடக் குழுக்கள். தோழி சேர்ந்தாள் என்று நானும் சேர்ந்த ஒரு பயிற்சிக்கு 4,500 ரூபாய் கட்டினேன், ஆறு வகுப்புதான் போனேன். அம்மா தையல் தைத்துச் சேர்த்த பணம் அது. சேர்வதற்கு முன்பு, இடையில் நின்றால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் தேர்வுகளையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். தேர்வு பெறும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்விகள் வருவதால் தனிச் சுமையும் இல்லை. நீட், ஜே.இ.இ. இரண்டையும் ஒன்றாகத் தூக்குவது வேறு கதை. ஜே.இ.இ. முதல் கட்டம் ஜனவரியில் வருகிறது, அதாவது திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவில். எது வேண்டும் என்று பிளஸ் ஒன் முடிவதற்குள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

மனம் தாங்காத நாட்களும் வரும். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், எதற்கெடுத்தாலும் அழுகை வருவது பல நாள் நீடித்தால் அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். பள்ளி தொடர்பான குழப்பங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. நான் ஒரு முறை 14416-ஐ அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் அவசரப்படாமல் கேட்டார். அன்றிரவு தூங்கினேன்.

8. தை முதல் பங்குனி வரை

இந்த மூன்று மாதத்தில்தான் நம் பக்கத்தில் எல்லாம் சேர்ந்து வருகிறது. பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, குன்றக்குடித் தைப்பூசம், பிறகு காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழா. 2025-இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை நடந்தது. பால்குடமும் ஒலிபெருக்கியும் தேர்வும் ஒரே நேரத்தில் வரும். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நாள் போவது என்று முன்பே கட்டத்தில் எழுதி வையுங்கள். தெருவில் சத்தம் அதிகம் என்றால் ஊருக்குள் தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் இரண்டு வாரம் படிக்க இடம் கேளுங்கள். எங்கள் ஐத்தை (அத்தை) வீட்டில் இரண்டாம் கட்டுக்குள், அதாவது வீட்டின் உள்பகுதியில், ஒரு மூலையைக் கொடுத்தார்கள். அந்தத் தடிச் சுவர்களுக்குள் வெளிச் சத்தம் வரவில்லை.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பங்கள் திறந்திருக்கும். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவணக் கோப்புறையோடு உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் இணையதளம் திணறும், பணம் போயும் ரசீது வராது. கட்டணம் கட்டியதும் உறுதிப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக எடுத்து உங்கள் முகவரிக்கே அனுப்பி வையுங்கள். திருத்தம் செய்யும் நாட்களைச் செல்பேசி நாட்காட்டியில் நினைவூட்டலாக வையுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

தேர்வு நாட்களில் அஞ்சலை ஒரு நாளைக்கு ஒரே முறை, மாலையில், பத்து நிமிடம் பாருங்கள். மற்ற நேரத்தில் அம்மாவின் கையில் செல்பேசி இருக்கட்டும்.

9. தேர்வு முடிந்த பிறகு

பலர் இங்கேதான் கணக்கை மறந்துவிடுகிறார்கள். 2025-இல் பொறியியல் சேர்க்கைப் பதிவு மே 7 அன்று தொடங்கியது, மறுநாளே பிளஸ் டூ முடிவு வந்தது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதாவது தெளிவாக இல்லை என்றால் தகவல் நீங்கள் பதிவு செய்த முகவரிக்கும் எண்ணுக்கும்தான் வரும். மே தொடங்கிச் சேர்க்கை முடியும் வரை காலையும் மாலையும் அஞ்சலைப் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து ஆயா (பாட்டி) வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஓ.டி.பி. வரும் செல்பேசியும் உங்களோடு வர வேண்டும். ஊரில் சிக்னல் இல்லாவிட்டால், பஸ் நிறுத்தம் வரை நடந்து போயாவது பார்த்துவிடுங்கள்.